பேஜ் வந்தால் உடம்பு என்ன செய்யும்?

பற்றீரியாவைக் கொல்லும் வைரசுகளை மருந்தாக்கும் முயற்சி உலகெங்கும் வேகம் பிடித்திருக்கிறது. மலையகத்து நோயாளிக்கு அது பலிக்குமா என்பதில் அவருடைய நிர்ப்பீடனத்துக்கும் ஒரு சொல் உண்டு.

நானுஓயா ஆறு கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியோடு கலப்பதற்கு முன், தேயிலை மலைகளின் ஓடைத் தண்ணீர், லீக்சும் கரட்டும் கழுவிய தண்ணீர், லயங்களின் கான் தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. இப்படிப்பட்ட தண்ணீரில் கிருமி இருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சின்ன வயதிலேயே தெரியும். பிள்ளை மடுவத்தில் கொதித்தாறிய நீரைத்தான் கொடுக்க வேண்டும், பீலித் தண்ணீரை அப்படியே குடித்தால் நெருப்புக் காய்ச்சல் வரும் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கிருமிகளுக்கும் நோய் வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

பற்றீரியா வாழும் இடம் எதுவானாலும் அங்கே அதைத் தொற்றிக் கொல்லும் வைரசுகளும் இருக்கின்றன. பக்டீரியோபேஜ் என்பது முழுப்பெயர். ஆய்வுகூடங்களில் பேஜ் என்றே சொல்கிறார்கள். ஒரு மில்லிலீற்றர் ஆற்றுநீரில் அவை இலட்சக்கணக்கில், சில வேளை கோடிக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு பேஜுக்கும் தனக்கென்று ஓர் இரை. நெருப்புக் காய்ச்சல் கிருமியைத் தொற்றும் பேஜ் கொலராக் கிருமியை ஏறிட்டும் பார்க்காது. இரையின் மேற்பரப்பில் தனக்குரிய இடத்தைப் பிடித்து ஒட்டிக்கொண்டு தன் மரபணுவை உள்ளே செலுத்தும். ஒரு மணி நேரத்துக்குள் நூறளவு புதிய பேஜ்கள் அந்தக் கிருமியை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மனித உயிரணுவுக்குள் அதனால் இப்படிப் பெருக முடியாது.

அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தார்கள் என்கிறது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு. அதனால்தான் நூறாண்டுப் பழைய பேஜ் சிகிச்சை மறுபடியும் பேசப்படுகிறது. அதைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: மருந்துகள் கைவிட்ட நோயாளி, சாக்கடையில் கண்டெடுத்த வைரசு, கிருமி அழிந்தது, ஆள் பிழைத்தார். இந்தக் கதையில் நோயாளியின் உடம்பைக் காணோம். கிருமியோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்த அவருடைய நிர்ப்பீடனம் இந்தப் புது வைரசைக் கண்டு என்ன செய்தது? சேர்த்துக்கொண்டதா, விரட்டியதா? பேஜ் பலித்த இடங்களை விளங்கிக்கொள்ளவும் பலிக்காத இடங்களை விளங்கிக்கொள்ளவும் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

எது காப்பாற்றியது?

கேள்வி புதிதல்ல. 1917 செப்டெம்பரில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபெலிக்ஸ் டெரெல், வயிற்றுளைச்சல் கிருமியை அழிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி அறிவித்தார். நோயாளி தேறும் வேளையில் அவருடைய மலத்தில் அது பெருகுவதைக் கண்டு துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார்: மனிதனைத் தேற்றுவது இந்தப் பேஜ்தான், வெள்ளையணுக்களும் பிறபொருளெதிரிகளும் அதற்கு அடுத்தபடி. பெல்ஜியத்தின் ஜூல் போர்டே இதைக் கடுமையாக எதிர்த்தார். இரத்தத்தில் பிறபொருளெதிரியோடு சேர்ந்து கிருமியைத் துளைக்கும் கொம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதியை ஆராய்ந்து, 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். பேஜ் என்பது வைரசே இல்லை, கிருமியே சுரக்கும் ஏதோ ஒரு நொதி என்பது அவர் கட்சி. 1940இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பேஜ் கண்ணுக்குத் தெரிந்தபோது அந்த வாதம் முடிந்தது. ஆனால் டெரெலின் மற்றக் கூற்று, தேற்றுவது பேஜ் மட்டுமே என்பது, நிற்கவில்லை.

டெரெல் தம் கொள்கையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது நம் பக்கத்தில்தான். 1927இல் இந்தியாவுக்கு வந்து பஞ்சாபில் கொலரா கண்டவர்களுக்குப் பேஜ் கொடுத்தார். மலோன், லாகிரி ஆகியோருடன் அவர் 1930இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பேஜ் குடித்தவர்களில் இறந்தவர்கள் 6.8 சதவீதம், குடிக்காதவர்களில் 62.9 சதவீதம். யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்பதை இன்றைய முறைப்படி குலுக்கலில் தீர்மானிக்கவில்லை. ஆகவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அரசு அசட்டை செய்யவில்லை. பாட்னாவில் இகோர் அஷேஷோவும், ஷில்லாங் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து மொரிசனும் 1936 வரை ஆய்வைக் கொண்டுசென்றார்கள். அசாமில் நவ்காவ் பகுதிக் கிராமத் தலைவர்களிடம் பேஜ் புட்டிகள் கொடுத்துவைக்கப்பட்டன.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டப்பட்டவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். கொலரா பயம்தான் அதற்குப் பெரிய காரணம். நாள் கழிந்த பிறகே தலைமன்னாருக்குக் கப்பல். பிறகு ரயில். 1885இலேயே ரயில் எட்டிவிட்ட நானுஓயாவில் இறங்கி, மூட்டையோடும் பிள்ளைகளோடும் மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இங்கே கொழுந்து பறிக்கிறார்கள். கொலரா நம் வரவின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தடுக்கக் கூடுமென்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட மருந்தைப் பற்றி நாம் அக்கறை கொள்வதற்கு இதுவே போதும்.

இரத்தத்தில் ஏற்றினால்

பேஜை ஊசியில் இரத்தத்துக்குள் விட்டால் என்ன நடக்கும் என்பது மருத்துவத்துக்குத் தெரியாத விஷயமில்லை. அதைச் சொல்லித் தந்தது பேஜ் சிகிச்சை அல்ல, நிர்ப்பீடனக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்த வைத்தியர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ஹான்ஸ் ஒக்ஸ், ரால்ஃப் வெட்ஜ்வூட் ஆகியோர் 1970களில் தொடங்கி, ஃபை எக்ஸ் 174 என்ற சின்னஞ்சிறு பேஜை இப்படிப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். நோய் தராத ஒன்று, முன்பு சந்தித்திருக்கவும் வாய்ப்புக் குறைவு. புதிய எதிரியைக் கண்டால் உடம்பு எப்படிப் பாடம் படிக்கிறது என்பதை அளக்க அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நலமாக உள்ளவரின் இரத்தத்திலிருந்து நாலைந்து நாட்களில் அது மறைந்துவிடும். சில வாரங்கள் கழித்து இரண்டாம் முறை ஏற்றினால் பிறபொருளெதிரி முதல் முறையைவிடப் பல மடங்கு வேகமாகவும் வலுவாகவும் எழும். பிறபொருளெதிரியே உற்பத்தியாகாத பிள்ளைகளின் இரத்தத்தில் அதே பேஜ் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். பேஜ் ஆளைக் கெடுப்பதில்லை, ஆனால் உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொள்கிறது என்ற இரண்டு செய்திகளும் இங்கிருந்து வந்தவை.

பிறபொருளெதிரி எழச் சில நாள் ஆகும். அதற்கு முன்பே ஈரலும் மண்ணீரலும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட, பேஜை முன்பின் அறியாத எலிகளின் இரத்தத்திலிருந்துகூட அது வேகமாக வடிகட்டப்பட்டதை 1973இல் கைர், மெரில் குழுவினர் காட்டினார்கள். கார்ல் மெரில் அந்தப் பிரச்சினையை விடவில்லை. இந்தியாவிலிருந்து சென்ற சங்கர் ஆத்யா, பிஸ்வஜித் பிஸ்வாஸ் ஆகியோருடன் சேர்ந்து 1996இல் ஓர் அழகான வழியைக் கண்டார். எலிக்குப் பேஜை ஏற்றி, சில மணி நேரம் கழித்து இரத்தத்தில் எஞ்சி நிற்பவற்றை மட்டும் எடுத்து வளர்த்து, மறுபடி ஏற்றுவது. இப்படிப் பல சுற்று. கடைசியில் கிடைத்த பேஜ், மூலப் பேஜைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக இரத்தத்தில் தங்கியது. அதன் புறஓட்டுப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஈரல் அதை முன்போல் பிடிக்கவில்லை. 2016இல் சான் டியேகோவில் மருந்துக்கு அடங்காத தொற்றால் மரணத் தறுவாயில் கிடந்த பேராசிரியர் ஒருவருக்கு அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திலிருந்து பேஜ் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர் இதே பிஸ்வாஸ்தான். அந்தப் பேராசிரியர் பிழைத்தார்.

பேஜ் தனியே கொல்வதில்லை

உடம்பு பேஜை விரட்டுகிறது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 2017இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலேயே டுவெய்ன் ரோச், லோரான் டெபார்பியோ குழுவினர் எலிகளுக்குச் சூடோமோனாஸ் கிருமியால் நிமோனியா உண்டாக்கிப் பேஜ் கொடுத்தார்கள். நலமான எலிகள் பிழைத்தன. பிறபொருளெதிரி தயாரிக்கும் வகை வெள்ளையணுக்கள் இல்லாத எலிகளும் பிழைத்தன. நியூட்ரோபில் என்ற முன்வரிசை வெள்ளையணுக்களை நீக்கிய எலிகளுக்கு அதே பேஜை அதே அளவில் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. காரணம் எளிது. கோடிக்கணக்கான கிருமிகளில் சில, பேஜ் ஒட்டும் இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிவிடும். புல்லு வெட்டியவர்கள் போன பிறகு மலையில் வேரோடு நின்றதை நோண்டி எடுக்க வேறொரு கை வேண்டும். எடுக்காவிட்டால் ஒரு மழையில் பழையபடி மூடிவிடும். அந்தக் கை நியூட்ரோபில்.

இதை நெருப்புக் காய்ச்சலில், அதாவது டைபொயிட்டில், வைத்துப் பார்த்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்தக் கிருமி ஒரு சர்க்கரை உறையைப் போர்த்துக்கொண்டு உடம்புக்குள் வருகிறது. 1934இல் லண்டனில் ஃபெலிக்ஸ், பிட் ஆகிய இருவரும் அதற்கு ‘வி’ என்று பெயரிட்டார்கள். இந்த உறை கிருமியின் உண்மை முகத்தை மறைக்கிறது. போர்டே கண்ட கொம்ப்ளிமென்ட் அதன் மேல் எளிதில் படிவதில்லை. அதனால்தான் காய்ச்சல் சத்தமில்லாமல் ஆரம்பித்து நாளாக ஆக ஏறுகிறது. ஆனால் வி உறையையே கதவாகக் கொண்டு உள்ளே புகும் பேஜ்களும் உண்டு. 1938இல் டொரொன்டோவில் கிரெய்கியும் யென்னும் இந்த வி பேஜ்களைக் கொண்டு கிருமியை வகை பிரித்தார்கள். எந்த ஊரில் பரவிய காய்ச்சல் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று துப்புத் துலக்கப் பல பத்தாண்டுகள் உலகமே அந்த முறையைத்தான் பயன்படுத்தியது.

வி பேஜிடமிருந்து தப்ப வேண்டுமானால் கிருமிக்குள்ள நேர்வழி, உறையைக் கழற்றிப் போடுவது. அப்படித் தப்பிய கிருமிகள் ஆய்வுகூடத்தில் கிடைக்கின்றன. உறையைக் கழற்றினால் பேஜ் தொடாது. ஆனால் பிறபொருளெதிரியும் கொம்ப்ளிமென்டும் பிடித்துக்கொள்ளும். உறையை வைத்துக்கொண்டால் பேஜ் பிடிக்கும். ஒருவரையொருவர் மறுத்த டெரெலும் போர்டேயும் கண்டுபிடித்த இரண்டும் ஒரே கிருமியை இரு பக்கமும் நெருக்குகின்றன. இன்று ஹைதராபாத்தில் தயாராகி 2017 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்ற டைபொயிட் தடுப்பூசி உடம்புக்குக் கற்றுத் தருவதும் இதே உறையைத்தான்.

ஆனாலும் டைபொயிட்டுக்குப் பேஜ் மருந்து வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1940களில் லாஸ் ஏஞ்சலிஸில் வைத்தியர்கள் வி பேஜை நோயாளிகளின் இரத்தத்தில் ஏற்றினார்கள். நம்பிக்கை தரும் முடிவுகளை எழுதவும் செய்தார்கள். ஏற்றியவுடன் பலருக்குக் கடும் நடுக்கமும் காய்ச்சலும் கண்டன. உடைந்த கிருமிகளின் எச்சங்களுக்கு உடம்பு காட்டும் கோபம் அது; அக்காலத்துப் பேஜ் புட்டிகள் இன்றுபோல் சுத்திகரிக்கப்படவும் இல்லை. குளோராம்பெனிகோல் வந்ததும் அந்த முயற்சி நின்றுபோனது. இன்னொரு தடையும் உண்டு. இந்தக் கிருமி நம்முடைய பெருந்தின்குழியங்களுக்குள்ளேயே, தன்னை விழுங்கிய காவல் அணுவுக்குள்ளேயே, ஒளிந்து வாழக் கூடியது. வெளியே மிதக்கும் பேஜால் அங்கே எளிதில் எட்ட முடியாது.

இரண்டு நோயாளிகள்

பிறபொருளெதிரி விஷயத்தில் எனக்கு மறக்க முடியாதவை இரண்டு நோயாளர் வரலாறுகள். இரண்டிலும் கிருமி மைகோபக்டீரியம் அப்செசஸ், காச நோய்க் கிருமிக்கு உறவுக்காரன். இரண்டிலும் பேஜ் கொடுத்தவர் பிட்ஸ்பர்க்கின் கிரஹாம் ஹட்ஃபுல். முதலாமவர் லண்டனில் நுரையீரல் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட 15 வயதுப் பெண். மூன்று பேஜ்கள் கலந்து கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று தென்னாபிரிக்காவின் டர்பனில் அழுகிய கத்தரிக்காயில் கிடைத்தது. அவர் தேறிய செய்தி 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. இரண்டாமவர் நுரையீரல் நோயுள்ள 81 வயது முதியவர். அதே மூன்று பேஜ்கள், அதேபோல இரத்தத்தில். முதல் மாதத்தில் சளியில் கிருமி குறைந்தது. இரண்டு மாதத்துக்குள் அவருடைய இரத்தத்தில் பேஜை முடக்கும் பிறபொருளெதிரிகள் நிறைந்துவிட்டன, கிருமி திரும்பியது. 2021இல் அதே இதழ் இதையும் வெளியிட்டது.

அந்தப் பெண், மாற்று நுரையீரல் நிராகரிக்கப்படாமலிருக்க நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளில் இருந்தவர். முதியவரின் நிர்ப்பீடனம் விழிப்பாக இருந்தது. பலமான உடம்பு பேஜைத் தோற்கடித்தது என்று இதைச் சுருக்கிச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பாரிஸ் எலிகள் நேர்மாறாகச் சொல்கின்றன. நிர்ப்பீடனம் ஒரே படை அல்ல. நியூட்ரோபில் பேஜுக்குத் துணை. பிறபொருளெதிரி சில வாரங்களில் அதற்கு எதிரி. நிமோனியா போல் நாட்கணக்கில் தீரும் நோயில் துணை வந்து வேலையை முடித்துவிடலாம். மாதக்கணக்கில் இழுக்கும் நோயில் எதிரி வந்து சேர்ந்துவிடும். எந்த நோய்க்கு, எத்தனை நாள், எந்த வழியாகக் கொடுப்பது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கோபால் நாத் குழுவினர் ஆறாத புண்ணுள்ள 20 பேருக்குப் பேஜைப் புண்ணின் மேலேயே இட்டு, 2019இல் நல்ல முடிவுகளை வெளியிட்டார்கள். மேற்பூச்சாக இடும் பேஜ், ஈரலையும் மண்ணீரலையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. நீரிழிவுப் புண்ணோடு மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொள்ளும் நம்மவர்களை நினைக்கும்போது, ஊசியைவிட இந்த வழிதான் நமக்கு முதலில் வரக்கூடியது என்று தோன்றுகிறது. வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் நாச்சிமுத்து ரமேஷின் ஆய்வுகூடம், மருந்துக்கு அடங்காத குடற்கிருமிகளுக்கெதிரான பேஜ் கலவைகளை மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களில் சோதித்துக் கட்டுரை வெளியிட்டது. செலவு குறைந்த நல்ல முறை. அந்தப் புழுவுக்கு நம் வெள்ளையணு போன்ற அணுக்கள் உண்டு, பிறபொருளெதிரி கிடையாது. ஆகவே கூட்டுறவின் ஒரு பாதியை மட்டுமே புழுவில் பார்க்கலாம்; மறுபாதியை மனித இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

பேஜ் எல்லாம் நல்லவை என்றும் இல்லை. சூடோமோனாஸ் கிருமிக்குள்ளேயே குடியிருந்து அதைக் கொல்லாமல் வெளியேறும் பிஎஃப் என்ற பேஜ், நம் வெள்ளையணுக்களை ஏமாற்றி, வைரசுத் தொற்று வந்துவிட்டதாக நினைக்கவைத்து, பற்றீரியாவை விழுங்கும் வேலையிலிருந்து திருப்பிவிடுகிறது. 2019இல் ஸ்டான்ஃபோர்ட் குழு சயன்ஸ் இதழில் இதை விவரித்தது. கொலராவின் நஞ்சை உண்டாக்கும் மரபணுவையே கிருமிக்குள் கொண்டுவருவதும் ஒரு பேஜ்தான். மருந்துக்கு எடுக்கும் பேஜை இதனால்தான் மரபணு முழுவதையும் வாசித்துப் பார்த்தே தெரிவு செய்கிறார்கள்.

மலையில் என்ன கேட்க வேண்டும்

பேஜ் நம் உடம்புக்கு அந்நியமே இல்லை. குடற்சுவரைக் கடந்து ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 3,100 கோடிப் பேஜ்கள் உடம்புக்குள் போகின்றன என்று 2017இல் ஜெரமி பார் குழுவினர் கணக்கிட்டார்கள். குடலின் சளிப்படலத்தில் சில பேஜ்கள் ஒட்டிக்கொண்டு, வருகிற பற்றீரியாவைத் தடுத்து நமக்குக் காவலாகவே நிற்கின்றன என்பதும் அவர்கள் கண்டதே. போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில் கிறிஸ்டினா டொம்ப்ரோவ்ஸ்கா நலமானவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஐந்தில் நாலு பேரிடம், பேஜ் சிகிச்சையே பெறாதவர்களிடம், டி4 என்ற சாதாரணக் குடற்பேஜுக்கெதிரான பிறபொருளெதிரி ஏற்கெனவே இருந்தது.

போலந்து நகரத்தில் அப்படியென்றால், பீலியிலும் ஓடையிலும் தண்ணீர் பிடித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் இரத்தத்தில் எப்படி இருக்கும்? கிருமி நிறைந்த நீரில் அந்தக் கிருமியின் பேஜும் நிறைந்திருக்கும். நெருப்புக் காய்ச்சல் வந்து போன லயங்களில் வி பேஜும் வந்து போயிருக்கும். வெளிநாட்டில் நன்றாக வேலை செய்த பேஜ் ஒன்றை இங்கே ஊசியில் ஏற்றினால், 81 வயது முதியவருக்கு இரண்டு மாதத்தில் நடந்தது நம்மவர்க்கு முதல் நாளிலேயே நடக்கலாம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் 32 சதவீதம். போதிய உணவு கிடைக்காத பிள்ளையின் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்வதில் தளர்ந்துபோகும் என்பது மருத்துவத்தில் பழைய பாடம். பேஜுக்குத் துணை நிற்க வேண்டிய கை தளர்ந்திருந்தால் பேஜ் என்ன செய்யும்? பிள்ளையின் தட்டில் பருப்பும் முட்டையும் போடுவது இந்த மருந்தைப் பற்றிய பேச்சுக்கு வெளியே உள்ள காரியமில்லை. குழாயில் சுத்தமான தண்ணீர் கேட்பதும் அப்படியே.

இரத்தத்தில் பேஜை முடக்கும் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சீரத்தை அளவாகக் கரைத்துப் பேஜோடு கலந்து அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு கிருமி வளரும் ஜெலித் தட்டில் ஊற்றி ஓர் இரவு சூட்டில் வைக்க வேண்டும். பேஜ் வேலை செய்திருந்தால் கிருமிப் படலத்தில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுந்திருக்கும். பிறபொருளெதிரி முடக்கியிருந்தால் படலம் மூடியே கிடக்கும். வட்டங்களை எண்ணினால் போதும். பேராதனை மருத்துவ பீடமும் நுவரெலியா வைத்தியசாலையும் சேர்ந்தால், வேறு சோதனைக்கு எடுத்து மிஞ்சிய இரத்தத்தில், உரியவரின் சம்மதத்தோடு செய்யக் கூடியது. வி பேஜில் தொடங்கலாம். ஓடைத் தண்ணீரில் வளர்ந்த ஐம்பது வயதுக்காரியின் சீரத்தையும், லயத்துக்குக் குழாய் வந்த பிறகு பிறந்த அவர் பேரனின் சீரத்தையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.